கதையை நகர்த்துவது நிகழ்ச்சியா, மனிதரா?

கதையை நகர்த்த வேண்டியவை நிகழ்ச்சிகளா, கதாபாத்திரங்களா என்ற விவாதம் நமது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. மும்பையின் அணுசக்தி நகர் வட்டாரத்தில் நிகழ்ந்த ஓர் உண்மை வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு இதைப் பரிசீலிக்கலாம்.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்னும் குடிசைப்பகுதி இருந்தது. தமிழர் உள்ளிட்ட பல மொழி உழைப்பாளிகள் அங்கு வாழ்ந்தனர். அந்த நிலம் அணுசக்தி நிறுவனத்திற்குத் தேவைப்பட்டது. 1976-இல், அவசரநிலைக் காலத்தில், சுமார் 70,000 மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டு, டிராம்பேயின் சீத்தா கேம்ப்பில் குடியேற்றப்பட்டனர்.

இதை நிகழ்ச்சிகளின் கோவையாக மட்டும் எழுதினால் என்ன கிடைக்கும்? அறிவிப்பு, வழக்கு, காவல்படை, வெளியேற்றம். விறுவிறுப்புக்குக் குறைவிராது. ஆனால் இந்நிகழ்ச்சிகளை நடத்துவது அதிகாரம். மக்களோ வெறும் எண்ணிக்கையாக எஞ்சுவர்.

மறுபுறம், கோலார் தங்கவயலில் பிறந்து மும்பை வந்து, அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற தமிழர் ஜோக்கின் அற்புதத்தை மட்டும் மையப்படுத்தினால் தனிமனித வீரகாவியம் உருவாகும். 1987-இல் வெளிவந்த ‘நாயகன்’ திரைப்படத்தில், தாராவி மக்கள் ஒருவரின் கருணைக்குக் காத்திருக்கும் கூட்டமாகவே பெரிதும் தோன்றுவதைக் கண்டோம்.

1888-இல் மார்கரெட் ஹார்க்னஸின் நாவலைப் படித்த எங்கெல்ஸ் அவருக்கு எழுதிய கடிதம் இங்கு வழிகாட்டுகிறது. வகைமாதிரியான சூழல்களில் வகைமாதிரியான மனிதர்களைப் படைப்பதையே அவர் யதார்த்தவாதத்தின் இலக்கணமாகக் கொண்டார். தொழிலாளி வர்க்கம் செயலற்ற திரளாக அந்நாவலில் காட்டப்படுவதை விமர்சித்தார். சூழலையும் மனிதரையும் பிரித்துப் பார்க்கலாகாது என்பதே இதன் சாரம்.

கார்க்கியின் ‘தாய்’ நாவலில், கணவனின் அடிக்கு அஞ்சியே வாழ்ந்த நீலவ்னா, சிறையிலுள்ள மகன்மீது விழுந்த சந்தேகத்தை அகற்றுவதற்காகத் துண்டறிக்கைகளை ஆலைக்குள் கொண்டுசெல்கிறாள். மகனின் கைது அவளை அம்முடிவுக்குத் தள்ளுகிறது. அம்முடிவு அவளையே மாற்றுகிறது. மாறிய அவள் அடுத்த நிகழ்ச்சியை உருவாக்குகிறாள். இதில் நிகழ்ச்சி எங்கே முடிகிறது, குணச்சித்திரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியுமா?

ஜனதா காலனியைப் பற்றியும் இப்படித்தான் கேட்க வேண்டும். வெளியேற்றம் அனைவருக்கும் ஒன்றே. எதிர்த்து நின்றவர் யார்? மூட்டை கட்டியவர் யார்? ஏன்? ஒரே மனிதர் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாக இருந்திருந்தால், இடையில் நிகழ்ந்தது என்ன?

இது பழங்கதை அன்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்கே அங்கேயே இலவச வீடு. மாடியில் வாடகைக்கு இருப்பவரும் பின்னர் வந்தவரும் அவ்வுரிமையைப் பெறுவதில்லை. அதிகாரம் எழுதும் கதையில் மனிதர் ‘தகுதியுள்ளவர்’, ‘தகுதியற்றவர்’ என்ற இரு பட்டியல்களாகிவிடுகின்றனர். அப்பட்டியலுக்குள் இருக்கும் மனிதரின் முகத்தையும் முடிவையும் எழுதுவது நம் படைப்பாளிகளின் கடமை.

1976-இல் இளைஞராயிருந்தோர் இன்று முதியவராகிவிட்டனர். தோழர்களே, காலம் தாழ்த்தாமல் சீத்தா கேம்ப்பின் சந்துகளுக்குச் சென்று அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.