வருண லிங்கத்தின் முன்னால்

சென்ற பௌர்ணமியன்று கிரிவலம் போகையில் பழைய மாணாக்கன் ஒருவன் என்னோடு வந்து சேர்ந்துகொண்டான். கடலையே காணாத நம் திருவண்ணாமலையிலிருந்து சரக்குக் கப்பலுக்கு இஞ்சினீயராகப் போனவன். விடுமுறைக்கு வந்திருக்கிறான்.

"ஸார், திரும்பிப் போக மனமில்லை" என்றான்.

"ஏனப்பா, சம்பளம் போதவில்லையா?"

"சம்பளத்துக்குக் குறைவில்லை. தூக்கத்துக்குத்தான் பஞ்சம்."

நடந்துகொண்டே விவரம் சொன்னான். மலை போன்ற கப்பலுக்கு இருபது, இருபத்தைந்து பேர்தான் ஆட்கள். முன்னெல்லாம் துறைமுகத்தில் பல நாள் தங்கிய சரக்குக் கப்பல்களில் பல, இப்போது ஒரே நாளில் பெட்டிகளை இறக்கி ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றன. கரையில் காலாற நடக்கவும் அவகாசமில்லை. நடுநிசியில் அபாய மணி அடித்தால் இஞ்சின் அறைக்கு ஓட வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 2006-ஆம் வருஷத்து உடன்படிக்கை, மாலுமிக்கு 24 மணி நேரத்தில் 10 மணியாவது ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியாவும் அதை 2015-இல் ஏற்றுக்கொண்டது.

"கணக்குப் புஸ்தகத்தில் நான் நன்றாகத் தூங்குகிறேன், ஸார். கட்டிலில்தான் தூங்குவதில்லை" என்று சிரித்தான்.

2020-இல் கொரோனா வந்தபோது துறைமுகங்கள் கதவடைத்தன. ஒப்பந்தம் முடிந்தும் இறங்க வழியின்றி உலகெங்கும் சுமார் 4 லட்சம் மாலுமிகள் கப்பலிலேயே கிடந்தார்கள். இவனும் அவர்களில் ஒருவன். தகப்பனார் காலமானதை நடுக்கடலில் கேட்டான். கொள்ளி வைத்தது சித்தப்பா பிள்ளை.

கடலில் உழைப்பவனின் மனத்தாங்கலை அலட்சியம் செய்வது எவ்வளவு பிசகு என்பதை நம் தேசம் முன்பே கண்டிருக்கிறது. 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி பம்பாய் 'தல்வார்' நிலையத்துக் கடற்படை வாலிபர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சுதந்திர தாகம் இருந்தது. அதோடு வாயில் வைக்க முடியாத சோறும் மேலதிகாரியின் இழிசொல்லும் இருந்தன. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான மாலுமிகள் சேர்ந்துகொண்டார்கள்.

தேர்ந்த ஆட்கள் நிலைப்பதில்லை என்று கப்பல் முதலாளிகள் குறைப்படுகிறார்கள். சம்பளத்தை மட்டும் உயர்த்தினால் ஆள் நிலைத்துவிடுவானா? சொன்ன தேதியில் வீடு திரும்புதல், நிம்மதியான உறக்கம், மரியாதையான வார்த்தை ஆகிய மூன்றும் கிடைத்தால் அவன் ஏன் விலகப் போகிறான்? பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பும் பெற்றோரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, எந்த மாதம் திரும்புவான் என்றும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம்.

வருண லிங்கத்தின் முன் அவன் வெகுநேரம் கண்மூடி நின்றான்.

"என்ன வேண்டிக்கொண்டாய்?" என்றேன்.

"தங்கை கல்யாணக் கடன் பாக்கியிருக்கிறது, ஸார். இன்னும் ஒரு தடவை போய்த்தான் ஆக வேண்டும். சொன்ன தேதியில் திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்."

நானும் அதையே வேண்டிக்கொண்டு மேலே நடந்தேன்.