கொரியா நூடுல்சும் நம்ம குச்சிக்கிழங்கும்

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கும் மகள் கொரியா நூடுல்ஸ் பாக்கெட் வாங்கி வந்து, காய்கறி போட்டுச் செய்து தந்தாள். கண்ணாடி போல வழுவழுவென்று இருந்தது. கிழங்கு மாவில் செய்ததாம். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு உண்டு. விலை இறங்கினால் கூலிக்கே கட்டுவதில்லை. நகையை அடகு வைத்து நூடுல்ஸ் மெஷின் போடலாம் என்கிறார் வீட்டுக்காரர். போடலாமா?
– ஒரு சகோதரி, ராசிபுரம் வட்டம்

பதில்: நகையை இப்போது எடுக்காதீர்கள், சகோதரி. முதலில் இடியாப்ப உழக்கை எடுங்கள்.

உங்கள் மகள் செய்தது 'ஜாப்சே'. 17ஆம் நூற்றாண்டில் கொரிய அரண்மனை விருந்தில் தோன்றியதாகச் சொல்வார்கள். அப்போது அது வெறும் காய்கறிதான். நூடுல்ஸ் சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில். அந்த நூடுல்ஸ் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் ஆனது, குச்சிக்கிழங்கில் அல்ல.

இதில்தான் விஷயம் இருக்கிறது. மாவுச்சத்தில் 'அமைலோஸ்' என்ற பகுதி கூடினால் இழை விறைப்பாக நிற்கும். பச்சைப்பயறு மாவில் அது அதிகம். குச்சிக்கிழங்கு மாவில் குறைவு. அதனால் இழை குழைந்து ஒட்டும். ஜவ்வரிசிக்கு வாகான குணம் நூடுல்சுக்கு ஆகாது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, துணியில் வடிகட்டித் தெளியவிடுங்கள். மேல்தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, மாவைக் காயவையுங்கள். கசப்பு ரகங்களில் நச்சுத்தன்மை உண்டு. தோல் நீக்குவதையும் தண்ணீர் மாற்றுவதையும் விடக்கூடாது. பத்துப் பங்கு மாவில் ஒரு பங்கைக் கஞ்சியாகக் காய்ச்சி, மீதியை அதில் பிசைந்து, கொதிநீரில் பிழியுங்கள். மிதந்ததும் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டு, கொடியில் உலர்த்துங்கள். அடுத்த முறை பாதி சர்க்கரைவள்ளி மாவு சேர்த்துப் பாருங்கள். வேகவைத்து அரைமணி நேரம் கழித்தும் இழை தனித்தனியாக நின்றால் மெஷினைப் பற்றிப் பேசலாம். விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும்.

நான்கு பேருக்குச் சமைக்க: நூடுல்ஸ் 200 கிராம். கேரட், பெரிய வெங்காயம், குடைமிளகாய் தலா ஒன்று, சிப்பிக்காளான் ஒரு கைப்பிடி; எல்லாவற்றையும் நீளவாக்கில் நறுக்கி, தனித்தனியாக வதக்குங்கள். சேர்த்து வதக்கினால் தண்ணீர் விட்டு நிறம் கெடும். பாலக்கீரையை ஒரு கொதியில் எடுத்துப் பிழியுங்கள். இரண்டு முட்டையை மெல்லிய அடையாக ஊற்றிக் கீறிக்கொள்ளுங்கள். நாமக்கல்காரருக்கு முட்டைக்கா பஞ்சம்! நூடுல்ஸை ஏழு நிமிடம் வேகவைத்து, தண்ணீரில் அலசி, மூன்று கரண்டி சோயா சாஸ், ஒன்றரைக் கரண்டி நாட்டுச்சர்க்கரை, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் புரட்டுங்கள். கரண்டி என்றது மேசைக்கரண்டி. உப்பு சோயாவிலேயே இருக்கிறது. காய்களைக் கலந்து, வறுத்த எள்ளைத் தூவுங்கள். கொரியர்கள் எள்ளை வறுத்து எண்ணெய் ஆட்டுவார்கள். அந்த மணம் வறுத்த எள்ளில் நமக்குக் கிடைத்துவிடும்.

வீட்டுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள். சேலத்தில் சேகோசர்வ் 1981இல் கூட்டுறவாகத் தொடங்கியது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாயிண்ட் பார்த்துத்தான் நம் கிழங்குக்கு விலை. முற்றுமுன் பிடுங்காமல் இருந்தாலே பாயிண்ட் கூடும். அதற்கு அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஐந்து சென்டில் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டு வையுங்கள். நாலு மாதத்தில் கிழங்கு வரும். சோதனைக்கு அது போதும். மிஞ்சினால் அவித்துத் தின்னலாம்.