எல்லாமே 'எக்ஸ்போர்ட் மிச்சம்' தானா?



2025 ஆகஸ்ட் 27ல், அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை, 50 சதவீதமாக்கியதும், திருப்பூரில் பல கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது. சனிக்கிழமை சம்பளம் குறைந்தால் வீடு என்னாகும் என்று, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிசிறு வெட்டவும், செக்கிங்குக்கும் போய் வந்த எங்கள் பொங்கலூர் பக்கத்துப் பெண்கள் சிலர், காதர்பேட்டையில் மொத்தமாக எடுத்து வந்து, வீட்டிலேயே நைட்டி, டி-ஷர்ட் விற்கத் துவங்கினர்.

நல்ல விஷயம் தான். ஆனால், உள்ளூர் துணிக்கும், 'எக்ஸ்போர்ட் மிச்சமுங்க' என்று ஒரே பாட்டு! இங்கே பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். துணியைத் தொட்டதுமே ஜி.எஸ்.எம்., சொல்லி விடுவர். அவங்ககிட்டயா இந்தக் கதை?

எங்கள் தெரு அக்கா ஒருவர், ரகத்துக்கு ஒன்றை முதலில் தானே துவைத்து, மாட்டி வைத்திருக்கிறார். 'சுருங்குமாக்கா?' என்றால், 'நீயே அளந்து பாரு கண்ணு' என்று டேப்பை நீட்டுவார். செகண்ட்ஸ் துணி தனிக் கூடையில். ஓட்டையைச் சுற்றி சாக்பீஸ் வட்டம், பாதி விலை. அந்தக் கூடை தான் முதலில் காலியாகிறது!

இன்னொன்று... சிலர், 'ஜி.எஸ்.டி., தனி' என்று கூடுதலாகக் கேட்கின்றனர். மாநிலத்துக்குள் வருடம், 40 லட்சம் ரூபாய்க்குள் சரக்கு விற்பவருக்குப் பொதுவாகப் பதிவே தேவையில்லை. பதிவில்லாதவர் வரி வாங்கவும் கூடாது. அடுத்த முறை யாராவது கேட்டால், பில்லில் பதிவு எண் எங்கே என்று கேளுங்கள்.

– ஒரு வாசகி, பொங்கலூர்.