ஓங்கிலைத் துரத்தும் சுற்றுலா நமக்கு வேண்டுமா?



ஆண்டிறுதி நெருங்கும்போது நம் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "ஆறாம் ஆண்டு மாணவர்களை இவ்வாண்டு எங்கே அழைத்துச் செல்வது?" யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு போனாலும், அதன்பின் செல்லும் சுற்றுலா போகவில்லை. அது நல்லதே.

அக்காலத்தில் வடகிழக்குப் பருவமழை வீசுவதால் கிழக்குக் கரையிலுள்ள ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற தீவுகளுக்குச் செல்ல இயலாது. மேற்குக் கரையிலுள்ள லங்காவியில் கடல் அமைதியாக இருக்கும். ஆகவே, பள்ளிகளும் குடும்பங்களும் லங்காவியை நாடுகின்றன. அங்குப் போனால் ஓங்கில் பார்க்கும் படகுப் பயணம், பாயார் தீவில் ஸ்நோர்கெலிங் எனும் மூச்சுக்குழல் நீச்சல் என ஒரு நாள் பயணத் திட்டங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

போக வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. போக வேண்டும் என்பதே என் கருத்து. பேரங்காடிக்கும் கேளிக்கைப் பூங்காவிற்கும் அழைத்துச் செல்வதைவிடக் கடலுக்கு அழைத்துச் செல்வது ஆயிரம் மடங்கு மேல். ஆனால், ஒன்றை மட்டும் நாம் கைவிட வேண்டும். "ஓங்கிலைக் கண்டிப்பாகக் காட்டுவீர்களா?" என்று உறுதி கேட்பதை நிறுத்த வேண்டும். கடலில் நடக்கும் பெரும்பாலான தொல்லைகள் அந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன.

எதைப் பார்க்கப் போகிறோம்?

டால்பின் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஓங்கில் என்பது அதற்குரிய தமிழ்ச்சொல். ஓங்குதல் என்றால் உயர்தல். நீரைக் கிழித்து மேலெழும் உயிருக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்! மலாய்க்காரர்கள் லும்பா-லும்பா என்கிறார்கள். லும்பா என்றால் பந்தயம். படகோடு போட்டிபோட்டு நீந்துவதைக் கண்டவர்கள் வைத்த பெயராகவே அது ஒலிக்கிறது. இவ்விரு சொற்களையும் மாணவர்களுக்கு ஒப்பிட்டுக் காட்டினால் பயணம் புறப்படும் முன்பே ஒரு மொழிப்பாடம் முடிந்துவிடும்.

லங்காவிக் கடலில் கூன்முதுகு ஓங்கில் வாழ்கிறது. பிறக்கும்போது கருஞ்சாம்பல் நிறம்; வளர வளர வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடும். முதுகுத் துடுப்பே இல்லாத, ஓங்கிலின் நெருங்கிய உறவினமான சிறு கடல் விலங்கும் அங்குண்டு. இரண்டுமே அருகிவரும் உயிரினங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டுள்ளது. திரைப்படத்தில் வருவதுபோல் வளையத்துக்குள் பாய்ந்து காட்டுபவை அல்ல இவை. பெரும்பாலும் அமைதியாக முதுகைக் காட்டி, ஒரு மூச்சு வாங்கி, மீண்டும் மூழ்கிவிடும். கண்ணிமைக்கும் நேரந்தான்.

இவற்றை ஆராய்ந்து பாதுகாக்க 2012ஆம் ஆண்டு நம் நாட்டில் தோன்றிய அமைப்பு மேர்செட். அதை நிறுவியவர்களுள் ஒருவர் கடல் பாலூட்டிகள் ஆய்வாளர் டாக்டர் லூயிசா பொன்னம்பலம். பொன்னம்பலம் என்ற பெயரைக் கேட்டவுடன் வகுப்பில் சில காதுகள் நிமிரும். கடலை ஆராய்வதும் ஒரு தொழில், அதைப் பெண்களும் செய்கிறார்கள் என்று நம் மாணவிகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு எப்போது வரும்?

துரத்தினால் என்ன?

"கொஞ்சம் பின்னால் ஓடினால் அதற்கு என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சிந்தித்துப் பாருங்கள். ஓங்கில் மீன் அன்று. நம்மைப்போல் நுரையீரலால் மூச்சுவிடும் பாலூட்டி. மூச்சுக்காக அது மேலே வந்தே ஆக வேண்டும். வந்த இடத்திலெல்லாம் படகு நின்றால் அது எங்கே போகும்? கலங்கிய நீரில் அது கண்ணைவிடக் காதையே நம்பி வாழ்கிறது. ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு இரை தேடுகிறது. நான்கைந்து இயந்திரப் படகுகள் சூழ்ந்துகொண்டால் அந்த ஒலி இரைச்சலில் அமிழ்ந்துபோகும். ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும் தாய் அது. குட்டிக்குப் பாலூட்டவும், ஓய்வெடுக்கவும் அதற்குக் கிடைப்பதே சிறிது நேரம். அந்நேரத்தைத்தான் நம் படகு பறித்துக்கொள்கிறது.

இது வெறும் இரக்கப் பேச்சு அன்று. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் நடந்த நீண்டகால ஆய்வொன்று 2006ஆம் ஆண்டில் வெளியானது. சுற்றுலாப் படகு நிறுவனங்கள் ஒன்றிலிருந்து இரண்டாகப் பெருகிய காலத்தில், படகுகள் உலவிய பகுதியில் ஓங்கில்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்ததை அது காட்டியது. அதன் விளைவாக அங்கு உரிமம் மீண்டும் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. கவனியுங்கள். அங்கே யாரும் ஓங்கிலைக் கொல்லவில்லை. வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவே. ஹவாயில் 2021ஆம் ஆண்டு முதல் சுழல் ஓங்கில்களை ஏறத்தாழ 45 மீட்டருக்குள் நெருங்குவதே குற்றம். நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டின் மீன்வள ஒழுங்குவிதிகள் ஓங்கில்களைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களாக வைத்துள்ளன. பிடிப்பதும் துன்புறுத்துவதும் சட்டத்திற்குப் புறம்பானவை.

குற்றம் யாருடையது?

படகோட்டியைக் குறை கூறுவது எளிது. ஆனால், அவர் ஏன் துரத்துகிறார்? நாம் கேட்பதால் துரத்துகிறார். தொலைவில் ஒரு முதுகு தெரிந்ததும், "அபாங், டெக்காட் சிக்கிட் லாகி!" என்று குரல் கொடுப்பவர்கள் யார்? கைப்பேசியில் படம் தெளிவாக விழவில்லை என்று முணுமுணுப்பவர்கள் யார்? ஓங்கிலைக் காட்டாத படகைப் பற்றி இணையத்தில் ஒரே ஒரு விண்மீன் போட்டு எழுதுபவர்கள் யார்? எல்லாம் பயணிகளே. அந்த ஒரு விண்மீன் படகோட்டியின் அடுத்த மாத வருமானத்தைக் கெடுக்கும். எனவே, அவர் விசையை முடுக்குகிறார். விதியை மதித்துத் தொலைவில் நிறுத்தும் படகோட்டி வாடிக்கையாளரை இழக்கிறார், துரத்துபவர் பெறுகிறார். இந்தச் சந்தையை உருவாக்கியது பயணிகளின் ஆவல். அதை மாற்றும் ஆற்றலும் பயணிகளிடமே இருக்கிறது.

இதில் எனக்குப் பெருங்கவலை தருவது பிள்ளைகள் கற்கும் பாடம். நன்னெறிக் கல்வியில் உயிர்களிடத்து அன்பு என்று சொல்லிக் கொடுக்கிறோம். அறிவியலில் விலங்குகளின் நீடுநிலவல் பற்றிக் கற்பிக்கிறோம். பிறகு படகில் ஏற்றி, பணம் கட்டினால் காட்டு விலங்கும் நம் முன் வந்து நிற்கவேண்டும் என்று செயலால் கற்பிக்கிறோம். பிள்ளை எதை நினைவில் வைத்துக்கொள்ளும்? புத்தகத்தையா, படகையா?

"காசு கொடுத்தோமே!"

பெற்றோர் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: "ஐயா, நான் லாரி ஓட்டிச் சேர்த்த பணம். என் பிள்ளை லங்காவி வரை போய் ஒன்றையும் காணாமல் திரும்பினால் மனம் வாடாதா?" நியாயமான கேள்வி. நம் பெற்றோர் பலருக்கு இச்செலவு சிறிதன்று. அதனால்தான் ஒரே ஒரு காட்சியின் மேல் முழுப் பயணத்தையும் பந்தயம் கட்டக்கூடாது என்கிறேன்.

லங்காவியில் காண்பதற்கா பஞ்சம்? 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஏற்ற நிலவியல் பூங்கா அது. மச்சிஞ்சாங் மலையின் மணற்பாறைகள் ஏறத்தாழ 50 கோடி ஆண்டுப் பழைமையானவை. கரையோரம் கண்டல் காடு, வானில் கடற்பருந்து, சுண்ணாம்புக் குன்றுகள் என எத்தனையோ உண்டு. இவற்றைப் பார்க்கும் கண் இருந்தால் ஓங்கில் வராத நாளும் வீண்நாள் ஆகாது. அப்படியே ஓங்கிலும் வந்துவிட்டால் அது நமக்குக் கிடைத்த கொடை. அரை மணி நேரம் வாய்மூடி, கடலின் மேல் கண்வைத்துக் காத்திருப்பதே இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைக்காத பயிற்சி அல்லவா?

பாறை என்று சொன்னதால் வந்த வினை

நெருங்கிச் சென்று தொட்டுப் பார்க்கும் இந்த ஆசை பாயார் தீவில் நீருக்குள்ளும் தொடர்கிறது. லங்காவிக்குத் தெற்கே, பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் ஆகிய நான்கு தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பூங்கா அது. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து குனிந்தால் போதும், வேறோர் உலகம் தெரியும்.

அங்கே நம் சொல்லே நமக்குப் பகையாகிறது. பவளப்பாறை என்கிறோம். பாறை என்றால் ஏறி நிற்கலாம் என்று பிள்ளை நினைக்கிறான். களைத்ததும் கால் ஊன்றுகிறான். அது பாறை அன்று. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு விலங்குகள் கூடிக் கட்டிய உயிருள்ள வீடு. பெரிய உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. பத்து வயதுப் பிள்ளையின் ஒரு மிதி, அவன் வயதையொத்த வளர்ச்சியை உடைத்துவிடும். இதைப் புறப்படும் முன்னரே வகுப்பில் சொல்லுங்கள். தீவில் இறங்கிய பிறகு எந்தப் பிள்ளையும் காதுகொடுத்துக் கேட்காது.

ரொட்டி வீசி மீன்களை அழைக்கும் பழக்கமும் வேண்டாம். பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்ந்து சுத்தம் செய்ய வேண்டிய மீன்கள் ரொட்டிக்காகக் காத்திருந்தால், பாசி பவளத்தை மூடிவிடும். வெயிற்களிம்புகளில் கலந்துள்ள சில வேதிப்பொருள்கள் பவளத்திற்குக் கேடு என்று கூறி பலாவ் 2020இலும், ஹவாய் 2021இலும் தடை விதித்துள்ளன. களிம்புக்கு மாற்றாக முழுக்கை நீச்சலுடை போதும்; வெயிலுக்கும் காப்பு, சொறிமீனுக்கும் காப்பு.

கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுத்ததால் 2010ஆம் ஆண்டு தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சில மூடப்பட்டன. 2024ஆம் ஆண்டில் நான்காவது உலகளாவிய பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே நோயுற்றுக் கிடக்கும் ஒன்றைப் பார்க்கப் போகிறோம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி நடந்துகொள்வோம்.

செய்யத்தக்கவை

1. படகுக்குப் பதிவு செய்யும்போது, "ஓங்கிலைக் கண்டால் எவ்வளவு தொலைவில் நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். "நிச்சயம் காட்டுவோம்" என்பவரைவிட, "துரத்தமாட்டோம்" என்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

2. படகு பக்கவாட்டில் மெதுவாகச் செல்லட்டும். எதிரே மறிக்கவோ சுற்றி வளைக்கவோ கூடாது. வேறு படகுகள் ஏற்கெனவே நின்றால் நம் படகு விலகிப் போகட்டும். தாயும் குட்டியுமாகத் தெரிந்தால் உடனே திரும்பிவிடலாம்.

3. நம் பிள்ளைகள் பலருக்கு நீச்சல் தெரியாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரும் நீரில் இறங்கக்கூடாது. இளைப்பு, வலிப்பு போன்றவை இருந்தால் பெற்றோர் மறைக்காமல் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பள்ளி வழிச் சென்றால் கல்வி இலாகாவின் அனுமதி முதலில் கைக்கு வரட்டும்.

4. லங்காவிக் கடலில் கொடிய நச்சுச் சொறிமீனும் உண்டு; அது கொட்டி உயிரிழந்தவரும் உளர். முதலுதவிப் பெட்டியில் ஒரு புட்டி வினிகர் இருக்கட்டும்.

5. திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். "ஓங்கில்கள் துள்ளிக் குதித்ததைக் கண்டு ஆனந்தக் கடலில் மூழ்கினேன்" என்ற மனப்பாட வரியை மட்டும் ஏற்காதீர்கள். கண்டதை எழுதட்டும். காணாவிட்டால், காத்திருந்த நேரத்தை எழுதட்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சுற்றுலா பற்றிப் பேசும்போது, இசைவுப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க முன்மொழியுங்கள்: "இப்பயணத்தில் ஓங்கிலைக் காண்பது உறுதியன்று, அதைத் துரத்தும்படி நாங்கள் கேட்கமாட்டோம்." பெற்றோர் கையொப்பமிடட்டும். பிள்ளையும் அதனடியில் தன் பெயரை எழுதட்டும். ஒரு வகுப்பு அப்படிச் சென்று வந்தால், ஒரு படகோட்டியாவது விசையைக் குறைத்திருப்பார்.