பாறைக்குப் படம் இருக்கிறது, வீட்டுக்குப் பட்டா எங்கே?

சேலம் கஞ்சமலையில் இரும்பு இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். அவர்கள் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் இரும்பு உருக்கினார்கள். ஆனால் அதைப் பாறை பாறையாக அளந்து படத்தில் ஏற்றியது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. வில்லியம் கிங், புரூஸ் ஃபூட் ஆகிய இருவரின் அறிக்கை 1864இல் வெளிவந்தது. பின்னர் வந்தவர்கள் மேலும் நுணுக்கமாக வரைந்தார்கள். கிண்ணம்போல மடிந்து கிடக்கும் பாறை, அதில் பட்டை பட்டையாக இரும்புத் தாது, அதில் இரும்பின் அளவு ஏறத்தாழ 35 சதவீதம் என எல்லாம் பதிவாகியிருக்கிறது. வடக்கே வெள்ளைக்கல் வெட்டும் குன்றுகளுக்கும், சேர்வராயன், கொல்லிமலைகளின் பாக்சைட்டுக்கும் இதேபோலப் படங்கள் உண்டு.

அந்தப் படங்களில் பாறைக்கு ஒரு நிறம், தாதுவுக்கு ஒரு நிறம். அடிவாரத்தில் குடியிருப்பவனுக்கு நிறம் இல்லை. புவியியலாளர் மீது குற்றமில்லை, அது அவர் வேலையும் அல்ல. அந்த வேலை வருவாய்த் துறையுடையது. அங்கேதான் நம் மக்கள் காணாமல் போகிறார்கள். தலைமுறையாகக் குடியிருக்கும் இடம் அ-பதிவேட்டில் வெறும் ‘புறம்போக்கு’ என்று கிடக்கிறது.

கஞ்சமலை அடிவாரத்தில் நடந்ததைப் பாருங்கள். மலையில் இரும்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் உருக்காலைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்கப்பட்டது. 1970இல் அடிக்கல் நாட்டினார்கள். 1981இல் ஆலை ஓடத் தொடங்கியபோது அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக இருந்தது. தாது மலையிலேயே இருக்கிறது, நிலம் மட்டும் போயிற்று. அன்றைய 1894 சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவருக்கே இழப்பீடு தந்தது. அந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர், களை பறித்தவர் அந்தக் கணக்கில் வரவேயில்லை.

2013ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஓரளவு திருத்தியது. நிலம் கையகப்படுத்துவதற்கு முன் மூன்றாண்டுகள் அந்தப் பகுதியில் உழைத்துப் பிழைத்த நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அரசு தன் புறம்போக்கையே சுரங்கக் குத்தகைக்கு விடும்போது ‘கையகப்படுத்தல்’ என்ற ஒன்றே நடப்பதில்லை. அங்கே குடிசை போட்டிருப்பவர் ஒரே நாளில் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுகிறார். பழங்குடி நிலத்தைத் தனியாருக்குக் குத்தகை விடக்கூடாது என்ற 1997 சமதா தீர்ப்பும் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்குத்தான். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை.

ஆகவே குத்தகைக்கு முன்னால் பட்டா வேண்டும். தாது இருப்பதாகப் படத்தில் காட்டப்பட்ட ஒவ்வொரு கிராமத்திலும் முதலில் குடியிருப்புகளையும் பஞ்சமி நிலங்களையும் கணக்கெடுத்து, பட்டா கொடுத்த பிறகுதான் ஏலம் பற்றி அரசு பேச வேண்டும். அரிட்டாபட்டி உள்ளிட்ட மேலூர் பகுதி மக்கள் எதிர்த்து நின்றதால்தான் 2025 ஜனவரியில் டங்ஸ்டன் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. ஊரே திரண்டால் அரசு இறங்கிவரும். ஆனால் ஊர் திரளும்போது ஊருக்கு வெளியே இருப்பவர்களின் கோரிக்கையும் அந்த மனுவில் இருக்கிறதா என்று நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே தோண்டிய இடங்களுக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி உண்டு. 2015 முதல் சுரங்கக்காரர்கள் இதற்குப் பணம் கட்டுகிறார்கள். 2024இல் திருத்திய விதிகளின்படி அதில் குறைந்தது 70 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி போன்ற முன்னுரிமைப் பணிகளுக்குப் போக வேண்டும். நம் குடியிருப்பில் எத்தனை குழாய் இந்தப் பணத்தில் வந்தது என்று கிராம சபையில் எழுத்து மூலம் கேளுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை. புவியியல் ஆய்வுத் துறையின் ‘பூகோஷ்’ இணையதளத்தில் இந்த வரைபடங்கள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. உங்கள் ஊர்ப் பகுதியை எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தோடும் அ-பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த சர்வே எண்ணில் தாது, எந்த எண்ணில் நம் வீடுகள், எது பழைய டி.சி. நிலம் என்று ஒரு தாளில் குறித்து, அடுத்த கிராம சபைக்குக் கொண்டு செல்லுங்கள்.