சாஃப்டி வெறும் காற்றா?

"அது வெறும் காத்துல்லா" என்று, மிஷினிலிருந்து நேராகக் கோனில் சுருட்டித் தரும் சாஃப்டி ஐஸ்கிரீமை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவோர் வள்ளியூர்ப் பக்கம் நிறைய உண்டு. காற்று இருப்பது உண்மைதான். குல்ஃபியை விட்டால் காற்றில்லாத ஐஸ்கிரீம் எங்கே இருக்கிறது? ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. உறையவைக்கும் முன் அதே கலவை லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அப்படியானால் டப்பா ஐஸ்கிரீமில் பாதிவரை காற்றை அடைக்கச் சட்டமே இடம் தருகிறது. சாஃப்டியில் பத்துப் பங்கு கலவைக்கு வழக்கமாக மூன்று முதல் ஆறு பங்கு காற்றுதான் சேரும். பம்ப் வைத்த மிஷினில் இதைக் கூட்ட முடியும். கலவை தன் எடையிலேயே இறங்கும் சாதாரண மிஷினில் அவ்வளவு ஏறாது. காற்றுதான் குற்றம் என்றால் முதலில் கூண்டில் ஏற வேண்டியது டப்பாதான்.

வித்தியாசம் குளிரில் இருக்கிறது. மிஷினின் மேல்தொட்டியிலிருந்து இறங்கும் கலவை உருளையின் சுவரில் பட்டு உறைய, உள்ளே சுழலும் தகடு அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். அதனால் பனித்துகள் பெரிதாக வளர்வதில்லை. கைப்பிடியை இழுத்ததும் மைனஸ் 6 டிகிரி வாக்கில் நேராகக் கோனில் சுருள்கிறது. டப்பா ஐஸ்கிரீமோ இதற்குப் பிறகும் கெட்டிப்படுத்தப்பட்டு மைனஸ் 18-இல் வாரக்கணக்கில் கிடக்கும். அத்தனை குளிரில் நாக்கு மரத்துப்போகும்; சாஃப்டியில் குறைந்த கொழுப்பிலும் சுவை தெரிவது அதனால்தான்.

"கொழுப்பு குறைவு, ஆகவே ஐஸ்கிரீமே அல்ல" என்பார்கள். மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்திய கனாட் பிளாசா நிறுவனம் கலால் வரி வழக்கில் இதையேதான் வாதாடியது. விற்றவரே தன் சரக்கை மறுத்த வேடிக்கை! மக்கள் அதை ஐஸ்கிரீமாகத்தான் வாங்குகிறார்கள் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது.

தாவர எண்ணெய்க் கலவை ஊற்றும் கடைகள் இல்லையா? இருக்கலாம். அது கலவையின் குறை, மிஷினைச் சொல்லிப் பயனில்லை. அத்தகைய கலவை டப்பாவில் வந்தால் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று அச்சிட்டாக வேண்டும். கோனில் ஏது லேபிள்? மீந்த கலவை மறுநாளும் தொட்டியில் கிடந்தால் கிருமி பெருகும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆகவே கடைக்காரரிடம் காற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். கலவைப் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள், மிஷினை எப்போது கழுவினார் என்று கேளுங்கள்.