வருஷத்துக்கு ஒரு டிரைவர் அவசியமா?

டிரைவர் என்றதும் மோட்டார் வண்டியை ஓட்டும் ஆசாமியின் ஞாபகம் நமது வாசகர்களுக்கு வருவது இயல்பே. நாம் இன்று எழுதப் புகுந்த விஷயம் அதுவன்று. கோல்ப் என்னும் பந்தாட்டத்தில் பந்தை முதல் அடியிலேயே வெகு தூரம் செலுத்துவதற்குக் கையாளும் நீண்ட மட்டைக்கும் டிரைவர் என்றே பெயர். இம்மட்டையைச் செய்யும் கம்பெனிகள் எத்தனை காலத்துக்கு ஒரு முறை புதிய மாதிரியை வெளியிடலாம் என்பது குறித்து அவ்வாட்டக்காரர்களிடையே நெடுநாளாக விவாதம் நடந்து வருகிறது. வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். ஆனால், பொருளைச் செய்கிறவனுக்கும் அதை வாங்குகிறவனுக்கும் இடையே இருக்க வேண்டிய நாணயம் எத்தகையது என்பதே இவ்விவாதத்தின் உட்பொருள். ஆதலின் மட்டையைக் கையால் தொட்டறியாதவர்களும் இதைச் சற்றுக் கவனிப்பது தகும்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நமது பழமொழி. தை பிறந்தால் டிரைவர் பிறக்கும் என்பது அமெரிக்கக் கம்பெனிகளின் வழக்கம். கலிபோர்னியாவிலுள்ள கார்ல்ஸ்பாட் நகரில் டெய்லர்மேட், காலவே என்னும் இரு பெருங் கம்பெனிகளும் இருக்கின்றன. டெய்லர்மேட் 2020-ம் வருஷத்தில் 'சிம்' என்னும் மாதிரியையும், 2021-ல் 'சிம் 2', 2022-ல் 'ஸ்டெல்த்', 2023-ல் 'ஸ்டெல்த் 2', 2024-ல் 'கியூஐ 10', 2025-ல் 'கியூஐ 35' என்ற மாதிரிகளையும் வெளியிட்டது. காலவேயும் அதே ஆறு வருஷங்களில் 'மேவரிக்' முதல் 'எலைட்' வரை வருஷத்துக்கு ஒரு புதுப் பெயரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. பெயர் வருஷந்தோறும் மாறுகிறது, வர்ணம் மாறுகிறது, விளம்பரமும் மாறுகிறது. பந்து போய் விழும் இடம் அவ்வாறு மாறுகிறதா என்பதுதான் நமது கேள்வி.

புதுமையே கூடாது என்று வாதிப்பது நமது நோக்கமன்று. இம்மட்டையின் சரித்திரத்தில் மெய்யான முன்னேற்றங்கள் நேர்ந்திருக்கின்றன. நமது கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த பெர்ஸிம்மன் என்னும் மரத்தைக் கடைந்தே மட்டையின் தலையை நெடுங்காலம் செய்து வந்தனர். 1979-ம் வருஷத்தில் கேரி ஆடம்ஸ் என்பவர் டெய்லர்மேட் கம்பெனியைத் தொடங்கி, எஃகில் வார்த்த தலையுடன் கூடிய மட்டையை விற்க ஆரம்பித்தார். 1991-ல் காலவே கம்பெனி 'பிக் பெர்த்தா' என்ற பெரிய எஃகுத் தலையை வெளியிட்டது. அதன் கனம் 190 கன சென்டிமீட்டர். 1995-ல் எஃகைவிட இலேசான டைட்டானியத்தைக் கொண்டு அதே கம்பெனி இன்னும் பெரிய தலையைச் செய்தது. அடுத்த பத்து வருஷங்களுக்குள் தலையின் கனம் 460 கன சென்டிமீட்டரை எட்டிவிட்டது. அந்நாளில் பழைய மட்டையை வைத்துவிட்டுப் புதியதை எடுத்தவன் முதல் அடியிலேயே வேற்றுமையைக் கண்டான். அவன் கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்தது. அப்படிப்பட்ட புதுமை மூன்று வருஷத்தில் வந்தாலென்ன, மூன்று மாதத்தில் வந்தாலென்ன? அதைக் குறை கூறுவதற்கு இடமில்லை.

அந்தக் காலம் ஏன் முடிவுற்றது? ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் அதிகாரம் அமெரிக்க கோல்ப் சங்கத்திடமும், ஸ்காத்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள ஆர் அண்டு ஏ ஸ்தாபனத்திடமும் இருக்கிறது. மெல்லிய உலோக முகம் பந்தை வில் போல் உந்தித் தள்ளுவதைக் கண்டு, இப்படியே போனால் மைதானங்களின் நீளம் போதாது என்று அஞ்சிய அமெரிக்கச் சங்கம், 1998-ம் வருஷத்தில் அந்த உந்து சக்திக்கு வரம்பு கட்டியது. 2004-ல் தலையின் கனம் 460 கன சென்டிமீட்டருக்கு மேற்படலாகாதென்று விதி ஏற்பட்டது. உந்து சக்தியைச் சோதிக்கும் முறையும் அவ்வருஷத்தில் மாறியது. ஒரு சிறு உலோகக் குண்டை ஊசலாட விட்டு மட்டையின் முகத்தில் மோதச் செய்து, அது முகத்தைத் தொட்டு நிற்கும் காலத்தை அளக்கிறார்கள். ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அக்காலம் 239 கூறுகளாக இருக்கலாம். அளவையில் நேரும் பிழைக்காக இன்னும் 18 கூறுகள் விட்டுக் கொடுக்கப்படும். ஆக 257-ஐத் தாண்டிய மட்டை விதிக்குப் புறம்பானது. நடுவில் படாத அடியால் தலை திரும்பிவிடாமல் எதிர்த்து நிற்கும் தன்மைக்கும் 2006-ல் ஓர் எல்லை வகுக்கப்பட்டது. 2008 முதல் உந்து சக்தியின் வரம்பு உலகமெங்கும் எல்லா ஆட்டக்காரருக்கும் பொதுவாயிற்று.

இவ்வரம்புகளை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பாத்திரத்தில் நாழி அரிசிதான் கொள்ளும் என்று தீர்ந்த பிறகு, பாத்திரத்துக்கு எத்தனை வர்ணம் பூசினாலும் நாழிக்கு மேல் கொள்ளாதன்றோ? பெரிய கம்பெனிகள் யாவும் வெகு காலத்துக்கு முன்பே அந்த எல்லைக் கோட்டின் அருகில் வந்து நின்றுவிட்டன. 2022-ல் டெய்லர்மேட் டைட்டானிய முகத்தை விடுத்து, கரி நாரிழைகளை அடுக்கடுக்காக ஒட்டிய முகத்தை அமைத்தது. கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் அந்த முகமும் அதே ஊசற்குண்டின் சோதனைக்கு உட்பட்டதே.

கணக்கும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிரதான போட்டிகளில் டிரைவர் அடியின் சராசரித் தூரம் 1993-ம் வருஷத்தில் சுமார் 260 கெஜம். பத்து வருஷம் சென்று 2003-ல் அது சுமார் 286 கெஜமாயிற்று. அதன் பின் இருபது வருஷம் சென்று 2023-ல் சுமார் 300 கெஜத்தை எட்டியது. முதற் பத்து வருஷத்தில் 26 கெஜம். அடுத்த இருபது வருஷத்தில் 14 கெஜம். இந்தப் பதினான்கிலும் உடற்பயிற்சி செய்து வலுப்பெற்ற இளைஞர்களின் கைவீச்சுக்கு உரிய பங்கைக் கழித்துவிட்டால் மட்டைக்கு என்ன மிஞ்சும்? பொழுதுபோக்காக ஆடுகிறவர்களின் நிலைமை இன்னும் தெளிவானது. ஆர் அண்டு ஏ ஸ்தாபனத்தார் பிரிட்டனில் சாதாரண ஆண் ஆட்டக்காரர்களை அளந்து பார்த்ததில், 1996-ல் சுமார் 200 கெஜமாக இருந்த சராசரித் தூரம் 2019-ல் சுமார் 216 கெஜமாக இருந்தது. புதிய மாதிரி ஒவ்வொன்றும் பத்துப் பத்துக் கெஜம் கூட்டுமென்பது மெய்யானால், அந்த இருபத்து மூன்று வருஷத்தில் சாமான்யனின் பந்து நானூறு கெஜத்துக்கு அப்பால் அல்லவா விழுந்திருக்க வேண்டும்?

விளம்பரத்தை நம்பி வாங்குகிறவன் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். பிரபல ஆட்டக்காரர்களுக்கு மட்டை இனாமாகக் கிடைக்கிறது. அதைக் கையில் ஏந்துவதற்குப் பணமும் கிடைக்கிறது. அவர்களிலும் சிலர் புதியதை நாடுவதில்லை. 2016-ம் வருஷத்தில் ராயல் ட்ரூன் மைதானத்தில் ஓபன் பந்தயத்தை வென்ற ஸ்வீடன் தேசத்து ஹென்ரிக் ஸ்டென்ஸன், டிரைவரைவிடத் தமது மூன்றாம் எண் மட்டையையே பெரிதும் நம்பினார். அது சுமார் ஐந்து வருஷத்துக்கு முந்திய மாதிரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் ஆடும் குமாஸ்தாவோ, ஓய்வு பெற்ற உபாத்தியாயரோ, சுமார் 600 டாலரைத் தம் கைப்பணத்திலிருந்து எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஜனவரியில் அதே மட்டை பழையதென்று பெயர் பெற்று, நூறு டாலருக்கு மேல் விலை குறைந்து, கடையின் மூலைக்குப் போகிறது. அதற்குள் அவர் அதைக் கொண்டு நன்றாக ஆடக்கூடப் பழகியிருக்க மாட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளிடம் வருஷத்துக்கு ஒரு புதுக் கூடத்தை விற்பதற்குக் கம்பெனிகள் காத்திருக்கின்றன!

இவ்வழக்கம் வாங்குகிறவனை மாத்திரம் பாதிப்பதன்று. விற்கிறவனையும், முடிவில் செய்கிறவனையுமே அது பதம் பார்த்துவிடும். இதற்குச் சரித்திரம் சாட்சி. 2013-ம் வருஷத் தொடக்கத்தில் டெய்லர்மேட் 'ஆர் 1' என்னும் டிரைவரை வெளியிட்டது. அவ்வருஷம் முடியுமுன் 'எஸ்எல்டிஆர்' என்பதையும் வெளியிட்டது. கடைகளில் பழைய சரக்கு விற்றுத் தீருமுன் புதிய சரக்கு வந்து குவிந்தது. விலைகள் சரிந்தன. 2014-ல் அக்கம்பெனியின் அப்போதைய உடைமைக்காரரான அடிடாஸ் ஸ்தாபனத்தின் கோல்ப் வியாபாரம் முந்திய வருஷத்தைவிட நூற்றுக்கு 28 பங்கு வீழ்ச்சியடைந்தது. அவ்வருஷம் ஜூலை மாதத்தில் டிக்ஸ் என்னும் பெரிய விளையாட்டுச் சாமான் கடை, மட்டைகளை விற்பதற்கென வைத்திருந்த நானூற்றுக்கு மேற்பட்ட கோல்ப் நிபுணர்களை வேலையிலிருந்து நீக்கியது. 2016-ல் கோல்ப்ஸ்மித் என்ற கடைத் தொடர் திவாலாயிற்று. நைக்கி கம்பெனி மட்டை செய்வதையே நிறுத்திவிட்டது. 2017-ல் அடிடாஸ் டெய்லர்மேட்டை விற்றுவிட்டு விலகிக்கொண்டது. ஆட்டக்காரரின் தொகை குறைந்தது முதலிய வேறு காரணங்களும் இருந்தன. எல்லாப் பழியையும் இந்த ஒன்றின் மேல் சுமத்துவது நியாயமாகாது. ஆயினும், அளவுக்கு மிஞ்சிய சரக்கைச் சந்தையில் திணித்ததும் அவ்வீழ்ச்சிக்கு முக்கியமான காரணம் என்பதை மறுக்க முடியாது.

கம்பெனிக்காரர்களின் சமாதானங்களையும் கேட்போம். "யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, வேண்டியவர் வாங்கட்டும்" என்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் கட்டாயம் தடியால் மட்டும் வருவதன்று. நேற்று வாங்கியது இன்று உதவாது என்ற எண்ணத்தைப் பல கோடி டாலர் செலவு செய்து ஊட்டுவதும் ஒருவிதக் கட்டாயமே. "புதியது வருவதால் பழையது மலிவாகிறது, எளியவனுக்கு அது லாபந்தானே" என்பது இரண்டாவது சமாதானம். இதில் உண்மை உண்டு. விவரமறிந்தவர்கள் ஒரு வருஷம் பொறுத்து வாங்குகிறார்கள். நாமும் அதையே சிபார்சு செய்வோம். ஆனால் ஒரு வருஷத்தில் இவ்வளவு மலிவாக விற்கக்கூடிய பொருளுக்கு முதலில் அவ்வளவு விலை வைத்ததேன் என்ற கேள்விக்கு இது விடையாகாது. "ஒருவன் நிறுத்தினால் மற்றவன் முந்திக்கொள்வான்" என்பது மூன்றாவது. இதற்கு அத்தொழிலிலேயே பதில் இருக்கிறது. டைட்டிலிஸ்ட் கம்பெனி 2018, 2020, 2022, 2024 என்று இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் புதிய டிரைவர் வரிசையை வெளியிட்டது. அரிஸோனாவிலுள்ள பிங் கம்பெனியும் தன் பிரதான வரிசையை 2019, 2021, 2023, 2025 என்று ஏறக்குறைய அதே இடைவெளியில் மாற்றி வந்திருக்கிறது. இவ்விரண்டும் அழிந்து போய்விடவில்லை. நல்ல மதிப்போடு நடந்து வருகின்றன.

பிங் கம்பெனியின் உதாரணம் மற்றொன்றையும் கற்பிக்கிறது. தப்பி விழும் அடியையும் ஓரளவு நேராகச் செலுத்தும் ஒரு மட்டையை அது 2024-ல், தன் வழக்கமான முறைக்கு இடையிலேயே வெளியிட்டது. தலை திரும்பாமல் நிற்கும் தன்மையை இரண்டு திசைகளில் அளந்து கூட்டினால் பதினாயிரத்தைத் தாண்டும் மட்டை அது. அளந்து காட்டக்கூடிய பலன் இருந்தது, ஆகவே வெளியிட்டார்கள். இதை நாம் குறை கூறவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து வெளியிடுவதற்கும், பலனைப் பார்த்து வெளியிடுவதற்கும் உள்ள பேதம் இதுவே.

வருஷத்துக்கு ஒரு மாதிரி என்னும் இவ்வழக்கம் அமெரிக்க மோட்டார் தொழிலிலிருந்து பரவியது. ஹென்றி போர்டு 1908 முதல் 1927 வரை ஒரே 'டி' மாதிரி வண்டியைச் செய்து விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் வருஷந்தோறும் தோற்றத்தை மாற்றி, பழைய வண்டிக்காரனைத் தன் வண்டியிடம் அதிருப்தி கொள்ளச் செய்தார். வியாபாரத்தில் ஸ்லோன் வென்றார். அன்று முதல் கைக்கடிகாரம், டெலிபோன் வரை அதே தந்திரம் நம்மைத் தொடர்கிறது. ஜவுளிக்கு இது பொருந்தலாம். தீபாவளிக்குப் புதுச் சேலை எடுப்பவள் அழகுக்காகவே எடுக்கிறாள். பழைய சேலை மானத்தைக் காக்காது என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை. டிரைவரோ ஒரு கருவி. அது செய்யும் வேலைக்குத்தான் அதற்கு விலை. வேலை மாறாதபோது பெயரை மாற்றி விற்பது, பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றுவதே.

ஆகவே நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகக் கூறுகிறோம். இரண்டு வருஷத்துக்கு முன்பாகப் புதிய டிரைவர் வரிசையை வெளியிடுவதில்லை என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத்தானே விரதம் பூண வேண்டும். மூன்று வருஷமானால் இன்னும் சிலாக்கியம். இடையில் மெய்யான கண்டுபிடிப்பு நேருமானால் தாராளமாக வெளியிடட்டும். ஆனால் போட்டிக் கம்பெனியின் மட்டையோடு அல்ல, தனது முந்திய மட்டையோடு ஒப்பிட்டு, சாமான்ய ஆட்டக்காரனின் கைவீச்சில் எத்தனை கெஜம் வித்தியாசம் என்பதை அச்சிட்டுக் காட்ட வேண்டும். வித்தியாசம் இல்லையானால் இல்லை என்று சொல்லும் தைரியம் வேண்டும். புதிய மாதிரி வரப் போகும் தறுவாயில் பழையதை முழு விலைக்கு வாங்கியவனுக்கு விலை வித்தியாசத்தைத் திருப்பித் தருவதும் முறையாகும்.

ஆட்டக்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பந்தின் வேகத்தையும் தூரத்தையும் அளக்கும் இயந்திரங்கள் இப்பொழுது கடைகளிலேயே இருக்கின்றன. தமது பழைய மட்டையை உடன் எடுத்துச் சென்று, இரண்டாலும் அடித்துப் பார்த்து, அளவு பேசினால் வாங்கட்டும். பேசாவிட்டால் திரும்பி வந்து, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு நல்ல ஆசிரியரிடம் சில நாள் பாடம் கேட்கட்டும். அதில் கிடைக்கும் கெஜங்கள் அடுத்த ஜனவரியில் பழையதாகிவிட மாட்டா.

நாணயமான தொழிலுக்கு நிதானம் நஷ்டமாகாது. ஒரு முறை ஏமாந்தவன் சும்மா இருப்பான். வருஷந்தோறும் ஏமாந்தவன் கடைவாசலையே மிதிக்க மாட்டான். 2014-ல் அந்தத் தொழில் பட்ட அடியைக் கம்பெனிகள் மறந்துவிடாமலிருப்பார்களாக.